சுவிட்சை அணைத்தால் புற்றுநோய் போய்விடுமா?

கேள்வி, 3 ஜூன் 2023
செல்லுக்குள் ஓடும் சமிக்ஞையை ஒரு சின்ன மாத்திரை தடுத்துவிட்டால் புற்றுநோய் நின்றுவிடும் என்று படித்தேன். ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே இப்படி மாத்திரை வந்துவிட்டதாம், அதைத் தின்றுகொண்டு வேலைக்குப் போய் வருகிறார்களாம். அப்படியானால் மற்றவர்களுக்கு ஏன் இன்னும் முடி கொட்டும் கீமோ? சுவிட்சை அணைக்கத் தெரிந்தும் மருந்துக் கம்பெனிகள் மறைக்கின்றனவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 ஜூன் 2023, இரவு
யாரும் எதையும் மறைக்கவில்லை. நீங்கள் சொல்லும் மாத்திரையின் பெயர் இமாடினிப். அதைப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தின்றுகொண்டு வேலைக்குப் போய் வந்தவன் நான்தான். நோயின் பெயர் நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய், சுருக்கமாக சி.எம்.எல். அந்த நோய் ஏறக்குறைய ஒரே ஒரு கோளாறில் தொங்குகிறது. அதனால்தான் ஒரே மாத்திரைக்கு அடங்குகிறது. மற்றவை அப்படித் தொங்குவதில்லை. சதிக் கதைகளைப் பரப்புவதற்கு முன் கொஞ்சம் படித்துவிட்டுக் கேட்கலாம்.

4 ஜூன் 2023
"ஒரே கோளாறு" என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் இந்த நோயாளிகளின் ரத்தச் செல்களில் ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். நோவெல் செல்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவியதால் அவை உப்பி, குரோமோசோம்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன. நான் ஒரு மருந்து மூலப்பொருள் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன். எங்கள் ஆய்வகத்தில் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தியிருந்தால் விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கும்.

1973இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம். குட்டையான துண்டு தொலைந்துபோகவில்லை, 22ஆம் குரோமோசோமும் 9ஆம் குரோமோசோமும் நுனிகளை மாற்றிக்கொண்டுள்ளன என்று கண்டுபிடித்தவர் அவர்தான். அந்த மாற்றத்தில் 9இலிருந்து வந்த ஏபிஎல் என்ற மரபணு 22இல் இருந்த பிசிஆர் என்ற மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுப்போட்ட அந்த மரபணு உண்டாக்கும் புரதம்தான் வில்லன்.

அது ஒரு கைனேஸ், அதாவது மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி. அலுவலகத்தில் கோப்புக்கு முத்திரை குத்தும் எழுத்தரை நினைத்துக்கொள்ளுங்கள். முத்திரை விழுந்தால்தான் கோப்பு நகரும், கோப்பு நகர்ந்தால்தான் "பெருகு" என்ற ஆணை செல்லின் மையத்துக்குப் போகும். இயல்பான ஏபிஎல் மேலதிகாரி சொன்னால் மட்டும் குத்தும். ஒட்டுப்போட்டது இரவு பகலாகக் குத்திக்கொண்டே இருக்கும். முத்திரைக்கு மை ஏடிபி, அதாவது பாஸ்பேட்டைக் கொடுக்கும் மூலக்கூறு. இமாடினிப் மைப்பெட்டியின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது.

4 ஜூன் 2023, சற்று நேரம் கழித்து
எழுதும்போதுதான் கவனித்தேன். ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறுபடுகிறது. தமிழில் எழுதினால் நோய்க்குக் காரணமான மரபணுவும் பிசிஆர், அதைத் தேடும் பரிசோதனையும் பிசிஆர். முதல் ஓராண்டு என் மனைவி இரண்டும் ஒன்று என்றே நினைத்திருந்தாள். "பிசிஆர் இருக்கிறதா என்று பார்க்க பிசிஆர் எடுக்க வேண்டும்" என்று டாக்டர் சொன்னபோது அவர் விளையாடுகிறார் என்று நினைத்தாளாம். இனி மரபணுவை "ஒட்டுமரபணு" என்றே எழுதுகிறேன்.

6 ஜூன் 2023
எப்படித் தெரியவந்தது என்று கேட்டவருக்கு.

2011இல் கம்பெனியில் வருடாந்திர உடல் பரிசோதனை. எனக்கு 41 வயது, ஒரு தொந்தரவும் இல்லை. இடது விலா எலும்புக்குக் கீழே லேசான கனம் மட்டும். வாயு என்று நினைத்து மாதக்கணக்கில் ஓமம் தின்றேன். அது மண்ணீரல் வீக்கம். வெள்ளையணு எண்ணிக்கை 1,84,000 என்று வந்தது. இயல்பாக 11,000க்குள் இருக்க வேண்டும். முடிவைப் பார்த்தவுடன் என் வாயிலிருந்து வந்த முதல் சொல் "ரீடெஸ்ட்". தொழில் புத்தி. மாதிரி மாறியிருக்கும், கருவி பழுதாக இருக்கும் என்று நானே அவர்களிடம் வாதாடினேன். மறுபடி எடுத்தார்கள், 1,91,000.

மாத்திரை தொடங்கி ஐந்தாவது வாரம் எண்ணிக்கை 7,000. எனக்கு நிம்மதியைவிடச் சந்தேகம்தான் அதிகம் வந்தது. இவ்வளவு சுத்தமான முடிவை எங்கள் ஆய்வகத்தில் யாராவது கொண்டுவந்தால் மூலப்பதிவைக் கேட்போம்.

ஆனால் இந்த மருந்தின் கதையே அப்படித்தான். 2001 ஏப்ரலில் வெளியான முதல் கட்டச் சோதனையில் தினமும் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை முழுதாக இயல்புக்குத் திரும்பியது. முதல் கட்டச் சோதனை என்பது எவ்வளவு கொடுத்தால் தாங்கும் என்று பார்ப்பதற்கு, குணம் தெரிவதே அபூர்வம். அதே ஆண்டு மே 10ஆம் தேதி அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறகு 1,106 பேரை வைத்து நடந்த பெரிய சோதனையில் இமாடினிப் எடுத்த பிரிவில் பத்தாண்டு முடிவில் 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள்.

9 ஜூன் 2023
திருத்தம். "மைப்பெட்டியின் மேல் உட்கார்ந்துகொள்கிறது" என்று 4ஆம் தேதி எழுதினேன். முழுப் பொய் இல்லை, ஆனால் சுவாரசியமான பாதியை விட்டுவிட்டேன்.

மை எல்லாக் கைனேஸ்களுக்கும் ஒன்றுதான். மனித உடலில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உள்ளன, அத்தனையும் ஏடிபியைத்தான் பிடிக்கின்றன. மைப்பெட்டியை மூடும் மருந்து என்றால் எல்லா எழுத்தர்களையும் சேர்த்து நிறுத்திவிடும், நோயாளியும் போய்விடுவார். பல அறிஞர்கள் இந்த வழியையே நம்பாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். 2000இல் ஜான் குரியன் என்ற அறிவியலரின் குழு ஏபிஎல் நொதியின் படிக வடிவத்தைப் பார்த்தபோது விடை கிடைத்தது. ஏபிஎல் நொதி விழித்திருக்கும் வடிவத்துக்கும் மடங்கிக் கிடக்கும் வடிவத்துக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கிறது. இமாடினிப் மடங்கிய வடிவத்தைத்தான் பிடிக்கிறது. விழித்து வேலை செய்யும்போது கைனேஸ்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும், மடங்கிக் கிடக்கும்போது ஆளுக்கொரு விதம். ஆக, முத்திரை குத்துபவர் சற்றுக் கண்ணயரும்போது அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது மாத்திரை. தூங்கும் கோணத்தை வைத்து ஆளை அடையாளம் காண்கிறது என்று சொல்லலாம்.

என் மனைவி இதைப் படித்துவிட்டு, "உங்களையும் அப்படிக் கண்டுபிடிக்கலாம்" என்றாள்.

10 ஜூன் 2023
இப்படிப்பட்ட மாத்திரைகளைச் "சிறிய மூலக்கூறு" மருந்துகள் என்பார்கள். எவ்வளவு சிறிது? இமாடினிப்பின் மூலக்கூறு எடை 494. ஆஸ்பிரின் 180. ஊசியில் ஏற்றும் எதிர்ப்பொருள் மருந்துகள் ஏறத்தாழ 1,50,000. பெரியவை செல்லின் வாசலில் நின்று தட்டலாம், உள்ளே போக முடியாது, வயிற்றில் விழுந்தால் செரித்துவிடும். சிறியது வயிற்றைத் தாண்டி, செல் சவ்வைத் தாண்டி, எழுத்தரின் மேசை வரை போகும்.

14 ஜூன் 2023
இதை உருவாக்கிய கதையைக் கேட்டார்கள். எனக்குப் பிடித்த இடம், அதனால் நீளும்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சிபா-கைகி நிறுவனம். அலெக்ஸ் மேட்டர், நிக்கலஸ் லிடன், வேதியியலர் யூர்க் சிம்மர்மன். அவர்கள் தொடங்கிய மூலக்கூறு வேறொரு கைனேஸைத் தடுப்பது. அதில் ஓர் இடத்தில் ஒரே ஒரு மீத்தைல் தொகுதியைச் சேர்த்தார்கள். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். மூலக்கூறு முறுக்கிக்கொண்டது, பழைய கைனேஸைத் தடுக்கும் தன்மை போய்விட்டது, ஏபிஎல்லைத் தடுக்கும் தன்மை நிலைத்தது. ஆனால் தண்ணீரில் கரையவில்லை. மறுமுனையில் ஒரு பிப்பரசீன் வளையத்தை மாட்டினார்கள், கரைந்தது, மாத்திரையாக விழுங்கலாம் என்றானது. இருபத்தைந்து ஆண்டுகள் வேதியியலோடு மாரடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மீத்தைலைப் பற்றி நினைத்தால் இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து டாக்டர் பிரையன் டிரக்கர் இந்த மூலக்கூறுகளை வாங்கிச் சோதித்தார். நோய்ச் செல்கள் அழிந்தன, இயல்பானவை பிழைத்தன. கம்பெனிக்கு ஆர்வம் குறைவு, ஏனென்றால் நோயாளிகள் குறைவு, லாபம் வராது என்ற கணக்கு. டிரக்கர் விடாமல் நச்சரித்த பிறகே 1998இல் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. (கேள்வி கேட்டவருக்கு: கம்பெனிகள் மறைக்கவில்லை என்று சொன்னேன். தயங்கவே இல்லை என்று சொல்லவில்லை. 3ஆம் தேதி நான் எழுதியதில் இந்த வேறுபாட்டை விட்டுவிட்டேன்.)

15 ஜூன் 2023
இதே நோய்க்கான மாத்திரைகள்: இமாடினிப், டாசடினிப், நிலோடினிப், போசுடினிப், போனாடினிப். எல்லாப் பெயரும் "இனிப்" என்றே முடிகிறது, ஒரு "பு" மட்டும்தான் பாக்கி. வாயில் சற்று நேரம் வைத்துப் பாருங்கள், எட்டிக்காய்.

21 ஜூன் 2023
விலை பற்றிய சண்டையில் நான் நுழைய வேண்டாம் என்றுதான் இருந்தேன். "சென்னை தீர்ப்பால் கிடைத்த மருந்து" என்று ஒருவர் எழுதியதால் நுழைகிறேன். பாதி சரி.

சென்னை காப்புரிமை அலுவலகத்தில் 1998இல் நோவார்டிஸ் விண்ணப்பித்தது. சிபா-கைகி அதற்குள் நோவார்டிஸ் ஆகியிருந்தது. விண்ணப்பம் இமாடினிப்புக்கு அன்று, இமாடினிப் மெசிலேட் என்ற உப்பின் "பீட்டா" படிக வடிவத்துக்கு. 2006 ஜனவரியில் அலுவலகம் நிராகரித்தது. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு, தெரிந்த பொருளின் புது வடிவம் பலனில் மேம்பட்டிருந்தாலொழியக் காப்புரிமை இல்லை என்கிறது. அந்தப் பிரிவே செல்லாது என்று கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, 2007இல் தள்ளுபடி. கடைசியில் 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் அமர்வும் கம்பெனிக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ஆக, தொடங்கியது சென்னையில், முடிந்தது டெல்லியில்.

பீட்டா வடிவத்துக்கு மூன்று சிறப்புகள் சொன்னார்கள்: தூள் நன்றாக ஓடும், வெப்பத்தில் நிலையானது, ஈரத்தை அதிகம் உறிஞ்சாது. இவை என் தொழிலில் சாதாரணச் சிறப்புகள் இல்லை. ஊசி ஊசியான படிகம் மாத்திரை இயந்திரத்தின் வாயில் சிக்கிக்கொண்டால் ஒரு ஷிஃப்ட் போய்விடும். மழைக்காலத்தில் ஈரம் குடித்துக் கட்டியான பீப்பாய்களுக்காக நான் அதிகாலை வரை நின்றிருக்கிறேன். ஆனால் அவை எங்கள் இயந்திரத்துக்குச் சிறப்பு, என் எலும்பு மஜ்ஜைக்கு அன்று. உடலில் சேர்வது 30 சதவீதம் கூடும் என்றும் வாதிட்டார்கள். பலன் என்றால் நோயைக் குணப்படுத்தும் பலன், சேர்மானம் கூடியது மட்டும் போதாது என்றது நீதிமன்றம். நோயாளியாக மகிழ்ந்தேன். படிக வடிவத்தைக் கண்டுபிடிப்பது எவ்வளவு வேலை என்று அறிந்தவனாகக் கொஞ்சம் நெருடியது. இரண்டும் உண்மை.

வழக்கு நடந்த காலத்தில் கம்பெனி மருந்து மாதம் சுமார் 1,20,000 ரூபாய், உள்நாட்டுத் தயாரிப்பு 8,000 முதல் 10,000. நான் தீர்ப்புக்கு முன்பே உள்நாட்டு மாத்திரைதான் எடுத்துக்கொண்டிருந்தேன். கம்பெனியின் இலவசத் திட்டத்திலும் நம் நாட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் மருந்து பெற்றார்கள். அதையும் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை.

2 ஜூலை 2023
பக்கவிளைவு. காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், இரவு முழுதும் அழுதவன்போல் இருப்பேன். கெண்டைக்கால் பிடிப்பு. தோல் வெளுக்கும். என் சித்தி இரண்டு ஆண்டுகளாகப் "பையன் கலராகிவிட்டான்" என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார், நான் சொல்லவில்லை. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டல் உறுதி, சாப்பாட்டோடு பெரிய டம்ளர் தண்ணீர் வேண்டும்.

கிரேப்ஃப்ரூட் (திராட்சை இல்லை, ஆரஞ்சு வகைப் பழம்) கூடாது, கல்லீரல் மருந்தைச் சிதைக்கும் வேகத்தை அது குறைத்துவிடும். நம் பம்பளிமாஸ் அதன் தாய்வழி உறவு, நான் அதையும் தொடுவதில்லை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறு, மருந்து வேகமாகச் சிதைந்து பலன் இல்லாமல் போகும். வேறு எந்த மருந்து எழுதினாலும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

2 ஜூலை 2023, இரவு
ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் ஆண்டு, உறவினர் திருமணத்துக்குத் திருநெல்வேலி போனபோது மாத்திரையை எடுத்துப்போகவில்லை. பெண் வீட்டார் யாராவது பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது என்ற கூச்சம். ஐந்து நாள். அதன்பின் "ஐந்து நாள் விட்டும் ஒன்றும் ஆகவில்லையே" என்று வாரத்துக்கு ஒன்று விட ஆரம்பித்தேன். அடுத்த பரிசோதனையில் ஒட்டுமரபணு 0.06இலிருந்து 0.4 சதவீதம். டாக்டர் கேட்டபோது ஒன்றைக்கூட விடவில்லை என்று பொய் சொன்னேன். அவர் மருந்து எதிர்ப்பு வந்துவிட்டதா என்று பார்க்க விலை உயர்ந்த சோதனையை எழுதினார். பணத்தைக் கட்டும் ஜன்னலில் நின்றபோதுதான் உண்மையைச் சொல்லத் திரும்பிப் போனேன்.

லண்டனில் மாத்திரைக் குப்பியின் மூடியில் மின்னணுக் கருவி பொருத்தி, யார் எப்போது திறக்கிறார்கள் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். 2010இல் வெளியானது. 80 சதவீத மாத்திரைகளுக்குமேல் எடுக்காதவர்களில் ஒருவருக்குக்கூட ஒட்டுமரபணு மிகக் கீழே இறங்கும் ஆழமான பலன் கிடைக்கவில்லை.

19 ஜூலை 2023
மருந்து எதிர்ப்பு என்றால் என்ன? எழுத்தரைக் கட்டும் கயிறு ஒரு கொக்கியில் மாட்டியிருக்கிறது. அது 315ஆம் இடத்தில் உள்ள திரியோனின் என்ற அமினோ அமிலம். மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் அங்கே ஐசோலூசின் வந்துவிடும். கொக்கி போய் அந்த இடத்தில் ஒரு புடைப்பு. இமாடினிப், டாசடினிப், நிலோடினிப் மூன்றும் தோற்கும். புடைப்பை உரசாமல் நுழையும்படி நடுவில் மும்மைப் பிணைப்பு வைத்துச் செய்ததுதான் 2012இல் வந்த போனாடினிப். ரத்தக் குழாய் அடைப்புகள் வந்ததால் 2013 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனையைச் சில வாரங்கள் நிறுத்தியே வைத்தார்கள். 2021இல் வந்த அசிமினிப் மைப்பெட்டிப் பக்கமே போகாது, நொதியின் முதுகுப் பக்கக் குழியில் பிடிக்கும்.

நுரையீரல் புற்றுநோயிலும் இதே கதை. ஈஜிஎஃப்ஆர் என்ற கைனேஸ், ஜெஃபிடினிப் என்ற மாத்திரை, 790ஆம் இடத்தில் அதே திரியோனின், அதே புடைப்பு.

22 ஜூலை 2023
மேலே உள்ள கடைசி வரி தவறு, ஒருவர் சுட்டிக்காட்டினார். 790இல் புடைப்பு மருந்தை மறிப்பது முக்கியக் காரணம் இல்லை. அந்த மாற்றத்தால் நொதி ஏடிபியை முன்னைவிட இறுக்கமாகப் பிடிக்கிறது, மருந்து போட்டியில் தோற்கிறது. அதனால்தான் ஒருமுறை பிடித்தால் விடாத பிணைப்பு கொண்ட ஓசிமெர்டினிப் 2015இல் வந்தபோது அங்கே வென்றது. ஒரே இடம், ஒரே அமிலம், வேறு காரணம். ஒப்புமை வசதியாக இருந்ததால் சரிபார்க்காமல் எழுதிவிட்டேன்.

5 ஆகஸ்ட் 2023
"மாத்திரையை நிறுத்தவே முடியாதா?"

சிலருக்கு முடியும். பிரான்சில் ஒட்டுமரபணு இரண்டு ஆண்டுகளாகத் தென்படாத 100 பேருக்கு நிறுத்திப் பார்த்தார்கள். பத்துக்கு நான்கு பேர் போல மருந்தில்லாமல் தாக்குப்பிடித்தார்கள். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் திரும்பியது, மாத்திரையைத் தொடங்கியதும் மறுபடி அடங்கியது.

நான் 2019 நவம்பரில் நிறுத்தினேன். முதல் வாரமே தோளும் முழங்காலும் வலி. மருந்தை நிறுத்தினால் மூட்டு வலி வருவது பலருக்கு உண்டாம், எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மாதாமாதம் சோதிக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்றிலும் எதுவும் தென்படவில்லை. மார்ச்சில் ஊரடங்கு. மாதிரி எடுத்துப்போக ஆள் இல்லை, கூரியர் இல்லை. பத்து வாரம் ஒன்றும் தெரியாமல் வீட்டில் உட்கார்ந்து விலா எலும்புக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். மே கடைசியில் 0.7 சதவீதம். அன்றிரவே மாத்திரை. ஐந்து மாதத்தில் 0.01க்குக் கீழே போய்விட்டது.

தோல்வி என்று அப்போது நினைத்தேன். இப்போது ஆறு மாத விடுமுறை என்று நினைக்கிறேன். நாளைக்கு எப்படி நினைப்பேனோ.

12 ஆகஸ்ட் 2023
கேள்வி கேட்டவர் எனக்குத் தனியாக எழுதினார். அவருடைய அக்காவுக்கு நுரையீரல் புற்றுநோய். வாழ்நாளில் புகைத்ததில்லை. மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், அந்தக் காத்திருப்பில்தான் இந்தக் கேள்வியைப் போட்டிருக்கிறார். "படித்துவிட்டுக் கேட்கலாம்" என்று அவரிடம் சொன்னவன் நான். அந்த வரியை அழிக்கவில்லை, இருக்கட்டும். மன்னிப்பு அவரிடம் கேட்டுவிட்டேன்.

அவர் கேட்டதற்கு அன்றே ஒழுங்காகச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. சி.எம்.எல். நோய்க்கு ஆரம்பக் கட்டத்தில் ஓர் எழுத்தர்தான் குற்றவாளி. பெரும்பாலான கட்டிகளில் பல மேசைகளில் பல பேர். ஒருவரைக் கட்டினால் கோப்பு பக்கத்து அறை வழியாகப் போகும். பிராஃப் என்ற கைனேஸில் ஒரே மாற்றம் தோல் புற்றுநோயான மெலனோமாவிலும் உண்டு, பெருங்குடல் புற்றுநோயிலும் உண்டு. 2011இல் வந்த வெமுராஃபெனிப் முன்னதில் கட்டிகளைச் சுருக்கியது. பின்னதில் தனியாகக் கொடுத்தபோது ஏறக்குறைய ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் பிராஃபைத் தடுத்தவுடன் ஈஜிஎஃப்ஆர் கண்விழித்து வேறு வழி திறந்துவிடுகிறது. சில புரதங்களில் மருந்து பிடிக்கக் குழியே கிடையாது. கேராஸ் மரபணுவின் கோளாறு 1980களிலேயே தெரிந்தது, அதன் ஒரு மாற்றத்துக்கு மட்டும் முதல் மாத்திரை வந்தது 2021இல். கீமோ இன்னும் இருப்பது இதனால்தான்.

புகைக்காதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில் ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கும் வாய்ப்பு கூடுதல். அக்காவுக்கு அது இருந்தால் நல்லது என்று எழுதினேன். புற்றுநோயில் எந்த மாற்றம் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நிலை வேறு.

30 ஆகஸ்ட் 2023
இருக்கிறது. ஈஜிஎஃப்ஆர் மரபணுவின் 19ஆம் துண்டில் நீக்கம் என்று அறிக்கை. மாத்திரை ஓசிமெர்டினிப். உள்நாட்டுத் தயாரிப்பு இல்லை, விலை கேட்டுத் திகைத்துப்போயிருக்கிறார்கள். உதவித் திட்டத்துக்கான படிவங்களை மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் கேட்கச் சொன்னேன்.

27 அக்டோபர் 2023
எட்டாவது வாரம் ஸ்கேன், கட்டி பாதிக்கும் கீழே. அக்கா மாடிப்படி ஏறுகிறாராம். முகத்தில் பருக்கள் வந்துவிட்டனவாம், மருந்துக் கடையில் முகப்பருக் களிம்பு வாங்கலாமா என்று கேட்கிறார்.

வாங்க வேண்டாம். அது பரு இல்லை, தோலிலும் ஈஜிஎஃப்ஆர் இருப்பதால் மருந்து அங்கேயும் வேலை செய்கிறது. முகப்பருக் களிம்பு தோலை இன்னும் வறளச் செய்து எரிச்சலைக் கூட்டும். வாசனையில்லாத ஈரப்பதக் களிம்பு போடட்டும், வெயிலில் போகும்போது முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்ளட்டும், அடுத்த முறை வரை காத்திருக்காமல் டாக்டருக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். மாத்திரையை மட்டும் அவராக நிறுத்தக் கூடாது. திருநெல்வேலிக் கதையை அவருக்குப் படித்துக்காட்டுங்கள்.